முதுகில் வைத்தது எது என்று எழுதிக் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

முதுகெலும்பு அறுவை சிகிச்சையில் பயன்படும் புதிய பொருள்களைப் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நான் டாக்டர் இல்லை, ஓய்வுபெற்ற எக்ஸ்ரே டெக்னீஷியன். ஸ்க்ரூவையும், இரண்டு முதுகெலும்புகளை ஒன்றாகச் சேர்க்க நடுவில் வைக்கும் கூடு போன்ற கேஜையும் உள்ளே வைப்பவர் சர்ஜன். வைத்தது வைத்த இடத்தில் இருக்கிறதா என்று பிறகு வருஷக்கணக்கில் படம் எடுப்பவர்கள் நாங்கள். எந்தப் பொருள் எவ்வளவு உசத்தி என்று கட்டுரை விரிவாகச் சொல்கிறது. ஆனால் தன் முதுகில் இருப்பது எது என்பதை நோயாளிக்கு யார் சொல்வது? அந்தக் கேள்வியையே காணோம்.

எம்.ஆர்.ஐ. அறைக்கு வருகிறவரிடம் முதலில் கேட்பது, "உடம்பில் ஏதாவது உலோகம் வைத்திருக்கிறார்களா?" என்பதுதான். "முதுகில் பிளேட் வைத்தார்கள்" என்பார்கள். என்ன பிளேட் என்றால், "ஏதோ ஸ்டீல்", "பையனுக்குத்தான் தெரியும்", "டாக்டர் நல்லதாத்தான் வைத்திருப்பார்". அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது, யாரும் சொன்னதில்லை. எல்லாருக்கும் ஏறக்குறைய ஒரே உலோகத்தை வைத்த காலத்தில் இந்தப் பதிலை வைத்து ஒப்பேற்றிவிடலாம். இன்றைக்கு ஒரே முதுகில் மூன்று வகைப் பொருள்கள் இருக்கலாம். ஸ்க்ரூ டைட்டானியக் கலவை, ஸ்க்ரூக்களை இணைக்கும் கம்பி கோபால்ட் குரோமியம், டிஸ்க் இருந்த இடத்தில் வைத்த கேஜ் பிளாஸ்டிக்.

அந்தப் பிளாஸ்டிக்கின் பெயர் பீக். எக்ஸ்ரேயில் அது தெரியவே தெரியாது. எங்கே இருக்கிறது என்று காட்ட டான்டலம் என்ற உலோகத்தில் சின்னச் சின்ன ஊசிகளைப் பதித்திருப்பார்கள். படத்தில் புள்ளி புள்ளியாக விழும் அதைப் பார்த்துப் புதிதாக வேலைக்கு வந்த பிள்ளைகள் மிரள்வதைப் பார்த்திருக்கிறேன். மறைந்து நிற்பதில் லாபமும் உண்டு. கேஜுக்குள்ளே எலும்பு வளர்கிறதா இல்லையா என்பது தெளிவாகத் தெரியும், டைட்டானியம் என்றால் அந்த இடத்தையே மறைத்துவிடும். 1990களின் கடைசியில் பீக் வந்ததும் சர்ஜன்கள் அதை விரும்பியதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. விறைப்பைக் கணக்கிட்டால் டைட்டானியக் கலவை சுமார் 110 ஜிகாபாஸ்கல் (விறைப்பை அளக்கும் அலகு), எலும்பின் கெட்டியான வெளிப்பகுதி 20க்குள், பீக் 3 அல்லது 4. விறைப்பான கேஜ், மெலிந்த எலும்புக்குள் அமிழ்ந்துபோகும் வாய்ப்பு அதிகம்.

சரி, பீக்கே போதுமே என்றால், எலும்பு அதோடு ஒட்டுவதில்லை. பல நேரம் நடுவில் நார் மாதிரி ஒரு திசு வந்துவிடுகிறது. அதற்காகப் பீக் மேல் டைட்டானியம் பூசினார்கள். கேஜைத் தட்டி இறக்கும்போது பூச்சு உரியலாம் என்ற கவலை வந்தது. அப்புறம் டைட்டானியப் பொடியை லேசரால் அடுக்கடுக்காக உருக்கி, கடற்பஞ்சு போலத் துளைகளோடு அச்சிடும் முறை வந்தது. துளைகளால் விறைப்பு குறைகிறது, எலும்பும் உள்ளே வளர்கிறது. எனக்குப் பிடித்தது இதுதான், ஆனால் என் அபிப்பிராயத்துக்காக யாரும் கேஜை மாற்றப் போவதில்லை.

கட்டுரையில் ஓர் இடம் உறுத்தியது. எலும்பைப் போல நெகிழ்வதுதான் நல்ல பொருளுக்கு அடையாளம் என்று பீக்கைப் புகழ்ந்துவிட்டு, அடுத்த பத்தியிலேயே சிலிக்கான் நைட்ரைடையும் அதே தட்டில் வைத்திருக்கிறார்கள். அது இயந்திர பேரிங்குகளில் பயன்படும் செராமிக், விறைப்பு சுமார் 300 ஜிகாபாஸ்கல். டைட்டானியத்தைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. அதன் நன்மை வேறு: பரப்பில் கிருமி எளிதில் படியாது என்று ஆய்வகச் சோதனைகள் காட்டுகின்றன. ஒன்றுக்குச் சொன்ன காரணத்தை இன்னொன்றுக்கும் ஒட்டினால் அது விற்பனைப் பிரதிநிதி பேசுவதுபோல் ஆகிவிடும். எலும்பு சேர்வது பொருளை மட்டும் பொறுத்ததும் அல்ல. புகைப்பழக்கம், சர்க்கரை, எலும்பு மெலிவு எல்லாவற்றுக்கும் அதில் பங்கு உண்டு.

பெயர் தெரியாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு முதுகெலும்பில் புற்றுநோய்க் கட்டி உள்ளவர்களைச் சொல்லலாம். உலோக ஸ்க்ரூ சி.டி. படத்தில் கீற்றுக் கீற்றாக வெளிச்சத்தை இறைத்துக் கட்டியை மறைக்கும், கதிர்வீச்சு அளவுக் கணக்கையும் குழப்பும். இதற்காகவே கார்பன் இழை சேர்த்த பீக்கில் ஸ்க்ரூவும் கம்பியும் வந்திருக்கின்றன. உலோகக் கம்பியைப் போல ஆபரேஷன் மேஜையில் அதை வளைத்துக்கொள்ள முடியாது என்ற சங்கடம் இருந்தாலும், பிறகு கதிர்வீச்சு தேவைப்படுகிறவருக்கு அது பெரிய வசதி. கதிர்வீச்சைத் திட்டமிடுகிறவருக்கு உள்ளே இருப்பது எது என்று தெரிந்தாக வேண்டும்.

ஸ்க்ரூவைக் கழற்ற வேண்டிவந்தால் நிலைமை இன்னும் மோசம். ஒவ்வொரு கம்பெனியின் ஸ்க்ரூவுக்கும் தலை வேறு, அதைத் திருப்பும் கருவியும் வேறு. காகிதம் இல்லாதபோது, ஸ்க்ரூத் தலையின் வடிவத்தைப் படத்தில் பார்த்து எந்தக் கம்பெனியாக இருக்கும் என்று சர்ஜன்கள் ஊகிப்பார்கள். இன்னும் கிட்டப் போய் ஒரு படம் எடு என்று எங்களைக் கேட்பார்கள்.

2017இல் வந்த ஐரோப்பிய மருத்துவக் கருவி விதிமுறை, உடலில் பொருத்தும் கருவிக்கு ஓர் அட்டையை நோயாளியிடம் கொடுக்க வேண்டும் என்கிறது. ஆனால் தையல், பல் அடைப்பு ஆகியவற்றோடு ஸ்க்ரூ, பிளேட், மெல்லிய வயர் முதலியவற்றுக்கும் அதில் விலக்கு கொடுத்திருக்கிறார்கள். முதுகில் அதிகம் போவதே ஸ்க்ரூதானே!

இதற்குப் பெரிய செலவு ஒன்றும் இல்லை. இம்பிளான்ட் பெட்டியோடு பெயர், பொருள், அளவு, லாட் எண் (எந்தத் தயாரிப்புத் தொகுதி என்று காட்டும் எண்) எல்லாம் அச்சிட்ட ஸ்டிக்கர்கள் வருகின்றன. ஒன்றைக் கேஸ் ஷீட்டில் ஒட்டுகிறார்கள். இன்னொன்றை டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒட்டிக் கொடுத்தால் போதும். ஆபரேஷனுக்குப் போகிறவர்கள் முன்கூட்டியே கேட்டு வைக்கலாம், வீட்டார் அதைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளலாம். ஏற்கெனவே ஆபரேஷன் ஆனவர்கள் மருத்துவமனையின் ரெக்கார்டு பிரிவில் கேட்டுப் பாருங்கள். பழைய கேஸ் ஷீட்டை எந்த மருத்துவமனையும் காலத்துக்கும் வைத்திருக்காது, அதனால் தள்ளிப்போட வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற எக்ஸ்ரே டெக்னீஷியன், தங்கள் வாசகர்