திருவிழா வரிப் புத்தகத்தை வெளியே எடுங்கள்

மலையகத்துக் கோயில் பரிபாலன சபையினருக்கும், தேவாலயப் பங்குச் சபையினருக்கும், பள்ளிவாசல் நிர்வாகத்தினருக்கும் வணக்கம்.

புயல் என்றால் கரையோரத்துக் கவலை என்றுதான் இருந்தோம். 2025 நவம்பர் 28 அன்று டித்வா புயல் இலங்கையில் கரையேறியது. நாட்டில் 600க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்; கண்டி, பதுளை, நுவரெலியாவில்தான் அதிகம். மலை சரிந்து வந்தது.

அந்த நாட்களில் எங்கள் கோயில் மண்டபத்தில் சமைத்தவர்களில் நானும் ஒருத்தி. கைக்குப் பஞ்சமில்லை. தேர் நாளில் அன்னதானம் போடும் அண்டாக்களே அடுப்பேறின. வேதக்கார (கிறிஸ்தவ) பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் விறகு சுமந்தார்கள். ஆனால் பணியக்கணக்கில், அதாவது தோட்டத்தின் கீழ்ப்பிரிவில், இன்னும் இறங்கி வராதவர்கள் யார் என்று கேட்டால் ஒருவருக்கும் திடமாகத் தெரியவில்லை. படுக்கையில் கிடந்த ஒரு பாட்டியை மறுநாள்தான் தூக்கி வந்தார்கள். இன்றைக்கும் அது என் நெஞ்சை அறுக்கிறது.

தோட்டத்து வேலையாட்களின் பதிவேடான செக்ரோலில் வேலைக்குப் பெயர் கொடுத்தவர்கள்தான் இருப்பார்கள். ஓய்வு பெற்றவர்கள், வெளியே வேலைக்குப் போகிறவர்கள் அதில் இல்லை. லயம் என்னும் தோட்டத்து வரிசை வீடுகள் பலவற்றுக்குத் தனி முகவரியும் கிடையாது. ஆனால் நம் திருவிழா வரிப் புத்தகத்தில் லயம் லயமாக, காம்பரா காம்பராவாக (அறை அறையாக) எல்லாரும் இருக்கிறார்கள். பங்கில் குடும்பப் பதிவேடு இருக்கிறது, பள்ளிவாசலில் சந்தாப் பட்டியல் இருக்கிறது. இந்த மூன்றையும் ஒரே மேசையில் வைத்து, லயத்துக்கு இரண்டு தொண்டர்களை நியமியுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

மண்சரிவு எச்சரிக்கையில் மஞ்சள் என்றால் கவனம், செம்மஞ்சள் என்றால் ஆயத்தம், சிவப்பு என்றால் உடனே வெளியேற்றம். இதைத் தொண்டர்கள் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். 2014 ஒக்டோபர் 29 அன்று நம் பதுளை மாவட்டத்து மீரியபெத்தவில் மண்சரிவில் லயங்கள் புதைந்தன. அந்த மலை ஆபத்தானது என்று முன்பே சொல்லப்பட்டிருந்தது. போன் வேலை செய்யாத இரவில் கோயில் மணியும் தேவாலய மணியும் அடிக்கட்டும். மணிக்குக் கரண்ட் வேண்டாம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நிவாரணப் பொதிக்குள் மதப் பிரசுரம் வைக்காதீர்கள். பசித்தவரிடம் அது நியாயமில்லை.

அரிசி வருவது சில வாரங்களில் நின்றுவிடும். அதற்குப் பிறகுதான் சேறு அள்ளவும், தொலைந்த அடையாள அட்டைக்கும் பிறப்புச் சான்றிதழுக்கும் அலையவும் ஆள் வேண்டும். சிங்களத்தில் படிவம் நிரப்பத் தெரிந்த பிள்ளைகளைத் தேடுங்கள். பக்கத்து விகாரையிலும் கேளுங்கள்.

அடுத்த முறை வரி எடுக்கப் போகும்போது, பெயருக்குப் பக்கத்தில் இரண்டு கட்டம் கூடுதலாகக் கோடு போடுங்கள்: அந்தக் காம்பராவில் நடக்க முடியாதவர் யார், அவரைத் தூக்க வருபவர் யார்.

இப்படிக்கு,
பதுளை மாவட்டத் தோட்டமொன்றிலிருந்து உங்கள் சகோதரி