ஆரல்வாய்மொழியில் தோற்ற கதையையும் எழுதி வையுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

நாகர்கோவில் – திருநெல்வேலி தடத்தில் நடத்துநராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். ஆகஸ்ட் வந்தால் குளச்சல் போரைப் பற்றிச் செய்தி போடுகிறீர்கள். நல்லது. 1741-ல் மார்த்தாண்டவர்மா டச்சுக்காரரை மடக்கியது நம் பிள்ளைகளுக்கு மனப்பாடம். 1809-ல் ஆரல்வாய்மொழிக் கணவாயில் வெள்ளைக்காரரிடம் திருவிதாங்கூர் தோற்றதைக் கேட்டால் விழிக்கிறார்கள். அந்தக் கணவாயைத் தாண்டும்போது பயணிகள் என்னிடம் விசாரித்ததெல்லாம் முப்பந்தல் காற்றாடிகளைத்தான்.

1805 ஒப்பந்தப்படி திருவிதாங்கூர் அரசு கிழக்கிந்தியக் கும்பினிக்கு ஆண்டுதோறும் 8 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும். நம்மைக் காவல் காக்கிறோம் என்று வந்து நின்ற படைக்கு நாமே படியளக்க வேண்டும்! ஆட்சி விஷயத்திலும் கும்பினி சொல் கேட்க வேண்டும். அப்போது தளவாயாக, அதாவது மன்னரின் முதலமைச்சராக, இருந்தவர் தலக்குளத்துக்காரர் வேலுத்தம்பிதான். முந்தைய ஆண்டு, படியைக் குறைத்ததற்காகக் கிளர்ந்த நாயர் படையை அடக்கக் கும்பினியின் துணையைத் தேடியவரும் அவரே. மேடைகளில் இதை விழுங்கிவிட்டு, அவர் முதலிலிருந்தே வெள்ளைக்காரனை எதிர்த்ததாகப் பேசுகிறார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை. பாக்கி ஏறியது, கும்பினியின் பிரதிநிதியான ரெசிடென்ட் மெக்காலே கழுத்தை நெரித்தார், அப்புறம்தான் பகை. 1809 ஜனவரியில், கொல்லம் பக்கமுள்ள குண்டறையில் வேலுத்தம்பி மக்களைப் போருக்கு அழைத்தார்.

அடுத்த மாதமே கும்பினியின் கர்னல் செயின்ட் லெகரின் படை திருநெல்வேலிச் சீமை வழியாக வந்து சேர்ந்தது. கணவாயை அடைத்து நின்றது கோட்டைச் சுவர். குளச்சலில் பிடிபட்டு, பிறகு திருவிதாங்கூர் படையையே பழக்கிய டச்சுத் தளபதி டிலனாய் பலப்படுத்திய சுவர் அது. நேரே மோதினால் சேதம் என்று, இரவோடு இரவாகத் தெற்கு மலையில் ஒரு பிரிவு ஏறியது. பிப்ரவரி 10-ல் ஆரல்வாய்மொழி விழுந்தது. உதயகிரியும் பத்மநாபபுரமும் அதன்பின் சண்டையில்லாமலே கைமாறின. வேலுத்தம்பி மண்ணடிக் கோயிலில் உயிரை விட்டார். அவர் உடலைத் திருவனந்தபுரம் கண்ணம்மூலையில் தொங்கவிட்டார்கள். 1811 முதல் 1814 வரை ரெசிடென்ட் மன்றோவே திவானாகவும் இருந்தார். கணக்கு கேட்பவரும் கணக்கு எழுதுபவரும் ஒரே ஆள்!

குளச்சலில் வெற்றித்தூண் இருக்கிறது. இந்தக் கணவாயில் 1809-ஐச் சொல்லும் ஒரு பலகைகூட என் கண்ணில் பட்டதில்லை. மிஞ்சியிருக்கும் சுவர்க்கற்களும் முட்புதருக்குள் கிடக்கின்றன. தொல்லியல் துறை தமிழில் ஒரு பலகை வைக்கட்டும், 8 லட்சத்தையும் சேர்த்து எழுதட்டும். ஆரல்வாய்மொழி நிறுத்தத்தில் வைத்தால் நல்லது. ஆள் ஏறி இறங்கும் நேரத்தில் வாசித்து விடலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நடத்துநர்,
தோவாளை.