குடையை மறந்தவர்

கும்பகோணம்,
ஐப்பசி, வியாழன் இரவு

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. பதில் தாமதமானதற்குச் சோம்பல் காரணமில்லை, மழைதான். அரசலாறு கரையைத் தொட்டுக்கொண்டு ஓடுகிறது. மேலக்கொல்லையில் நட்டு ஒரு வாரம்கூட ஆகாத சம்பாப் பயிர், நுனி மட்டும் தெரியத் தண்ணீரில் நிற்கிறது. வடிகால் வாய்க்காலை இந்த ஆண்டும் ஒப்புக்குத் தூர்வாரினார்கள். ஆகாயத்தாமரை அப்படியே கிடந்தது. நாலு ஆளை விட்டு நானே வெட்டி அப்புறப்படுத்தினேன். இன்று மாலை பார்த்தபோது தண்ணீர் இரண்டு விரல்கடை இறங்கியிருந்தது. வயல் கதை போதும். நீ கேட்டது வேறு.

நாகபுரியில் சம்பந்தி வீட்டார் எதிரில் 'கென்டக்கி ஃப்ரைட் மூவி' என்ற அமெரிக்கக் கேலிப் படத்தைப் போட்டுவிட்டு, ரிமோட்டைத் தேடி சோபாவுக்கு அடியில் நீ தவழ்ந்ததைப் படித்து, தனியாக உட்கார்ந்து சிரித்தேன். பெயரைப் பார்த்து அவர் சமையல் படம் என்று நினைத்தாராமே! "நல்ல படமா, கெட்ட படமா, ஒரு வார்த்தையில் எழுது" என்று கேட்டிருக்கிறாய். ஒரு வார்த்தையில் சொல்ல வந்திருந்தால் தபால் அட்டையோடு முடித்திருப்பேன்.

தம்பி மகன் அமெரிக்காவிலிருந்து வந்தபோது கொண்டுவந்த வட்டு என்னிடம் இருந்தது. போன ஞாயிற்றுக்கிழமை, மனைவி மாயவரத்தில் ஒரு வளைகாப்புக்குப் போயிருந்தாள். நல்ல மழை. கூடத்தில் நான்கு பேர் உட்கார்ந்தோம்: நான், தம்பி மகன், மருந்துக்கடைக்காரர், வலங்கைமான் பக்கத்து பபூன்காரர். அவரை உனக்கு நினைவிருக்கும். மாரியம்மன் திருவிழாவில் வள்ளி திருமணம் போட்டால், ராஜபார்ட் யார் என்று கேட்காமல் பபூன் யார் என்று கேட்டுவிட்டுப் பாய் எடுத்துக்கொண்டு போவோமே, அவரேதான். எழுபத்தெட்டு வயதாகிறது. காதில் கருவி. ஆங்கிலம் ஒரு சொல்கூடத் தெரியாது.

படத்தைப் பற்றி உனக்குத் தெரியாத இரண்டு செய்திகளைச் சொல்லிவிடுகிறேன். 1977-இல் வந்த படம் இது. எழுதியவர்கள் ஜூக்கர் சகோதரர்கள் இருவரும், ஜிம் ஆப்ரஹாம்ஸும். மூவரும் விஸ்கான்சின் மாநிலத்து மேடிசன் நகரில் சின்ன மேடையில் துண்டு நாடகம் போட்டுக்கொண்டிருந்தவர்கள். துண்டுத் துண்டாக நகைச்சுவை வைத்தால் யார் பார்ப்பார்கள் என்று பெரிய ஸ்டூடியோக்கள் கைவிரித்தன. பத்து நிமிடத்துக்கு ஒரு மாதிரிப் படம் எடுத்து, ஒரு தியேட்டர்காரரிடம் காட்டினார்கள். அவர் அதைத் தன் தியேட்டரில் ஓட்டி, ஜனங்கள் சிரித்ததைக் கேட்டபிறகுதான் பணத்துக்கு வழி செய்தார். இயக்கியவர் ஜான் லாண்டிஸ். மொத்தச் செலவே ஏறத்தாழ ஆறரை லட்சம் டாலர்தான்.

இனி எங்கள் கூடத்துக்கு வருகிறேன். முதல் கால்மணி நேரத்துக்குள் அந்தக் கத்தோலிக்கப் பள்ளிப் பெண்கள் பெயரில் வரும் போலி விளம்பரம் வந்துவிட்டது. சம்பந்தி எதிரில் உன்னைத் தவழ வைத்தது அதுவாகத்தான் இருக்கும். நானும் தம்பி மகனும் ஒரே நேரத்தில் மின்விசிறியைப் பார்த்தோம். அவன் விசிறியின் இறக்கைகளை எண்ணிக்கொண்டிருந்தான் என்று நினைக்கிறேன். மருந்துக்கடைக்காரர் எழுந்தார். "இதெல்லாம் நம் பண்பாட்டுக்கு ஆகாது" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். இரண்டு நிமிடத்தில் திரும்பி வந்தார். குடையை மறந்துவிட்டாராம். குடை கைக்கு வந்தபிறகும் நிலைப்படியில் சாய்ந்து நின்றுகொண்டே இருந்தார். படம் முடிந்துதான் வீட்டுக்குப் போனார். உட்காரவே இல்லை. உட்கார்ந்தால் பார்த்ததாக ஆகிவிடும் அல்லவா?

பண்பாடு என்று அவர் சொன்னதற்கு அப்போது எனக்கு வாய் வரவில்லை. இரவு படுத்தபிறகுதான் வந்தது. திருச்சி மலைக்கோட்டையில் குகை குடைந்த மகேந்திரவர்மன், ஏழாம் நூற்றாண்டில், மத்தவிலாசம் என்று ஒரு கேலி நாடகம் எழுதிவைத்தான். குடித்துவிட்டுத் தள்ளாடும் காபாலிகச் சாமியார் ஒருவன் பிச்சை வாங்கும் தன் கபாலத்தைத் தொலைத்துவிட்டு, புத்த பிக்ஷு திருடிவிட்டான் என்று சண்டைக்குப் போகிறான். கபாலத்தைக் கவ்விக்கொண்டு போனதோ ஒரு நாய். நாட்டை ஆண்டவனே சாமியார்களை இப்படிப் பரிகாசம் செய்திருக்கிறான். மருந்துக்கடைக்காரரிடம் இதைச் சொன்னால், அது சமஸ்கிருதம், நமக்கு எப்படிப் பொருந்தும் என்பார். விட்டுவிட்டேன்.

தம்பி மகனின் அபிப்பிராயம்: பாதிப் படம் புரியவில்லை. அவன் சொன்னதில் நியாயம் இருக்கிறது. எழுபதுகளில் வந்த பேரழிவுப் படங்களை அவன் பார்த்ததில்லை. ஆகவே அவற்றைக் கேலி செய்யும் துண்டில் டொனால்ட் சதர்லேண்ட் தடுமாறும் சர்வராக வருவதில் என்ன வேடிக்கை என்று கேட்கிறான். அத்தனை பெரிய நடிகர் தட்டோடு விழுவதுதானப்பா வேடிக்கை என்றேன். "அவர் பெரிய நடிகர் என்பதே நீங்கள் சொல்லித்தான் தெரிகிறது, பெரியப்பா" என்றான். அவன் விழுந்து விழுந்து சிரித்தது ஒரே இடத்தில்தான். தியேட்டரில் ஒருவன் படம் பார்க்கிறான். திரையில் நடப்பதையெல்லாம் அவன் முதுகுக்குப் பின்னால் நிற்கும் பணியாள் அவன் மேல் செய்து காட்டுகிறான். நாயகி வாசனை பூசிக்கொண்டால் இவன் மேல் வாசனை அடிக்கிறான். தலையைக் கோதினால் இவன் தலையைக் கோதுகிறான். கத்தி வந்தால் இவன் கழுத்தில் கத்தி. அடுத்து என்ன படம் என்று அறிவித்ததும் ஆள் ஓட்டம் பிடிக்கிறான். இதற்கு எந்தப் பழைய படமும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. நாற்காலியில் உட்கார்ந்த அனுபவம் இருந்தால் போதும்.

எனக்கும் உனக்கும் அப்படியில்லை. புரூஸ் லீ படத்தைப் பகடி செய்யும் அந்த அரைமணி நேரம் இருக்கிறதே, அது நமக்காகவே எடுத்தது. 'என்டர் த டிராகன்' இங்கே வந்தபோது முதல் வாரத்தில் மூன்று முறை பார்த்தோம். மறு வாரம் நீ சப்பாத்திக் கட்டையை இரண்டாக அறுத்து, சைக்கிள் செயினால் கோத்து, கல்லூரிப் படித்துறையில் சுழற்றி, சொந்த நெற்றியிலேயே வாங்கிக்கொண்டாய். புருவத்துக்கு மேல் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறதா? அந்தத் தழும்பு உள்ளவனுக்குத்தான் இந்தப் பகடி முழுதாகப் புரியும். அதே தீவு, அதே வில்லன், அதே கூட்டச் சண்டை, அதே உறுமல். ஒரு கைதிக்குத் தலைவெட்டுத் தண்டனை வரும் என்று நாம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது, வில்லன் அவனை டெட்ராய்ட் நகரத்துக்கு அனுப்பச் சொல்கிறான். வேண்டாம், வேண்டாம் என்று கைதி கதறுகிறான். பபூன்காரருக்கு இதை எப்படிச் சொல்வது என்று யோசித்து, "தண்ணீர் இல்லாத காட்டுக்கு மாற்றல் போட்டுவிட்டான் அண்ணே" என்றேன். கருவி காதிலிருந்து விழும் அளவுக்குச் சிரித்தார். வில்லனாக வருபவர் உண்மையிலேயே ஹாப்கிடோ என்னும் கொரியச் சண்டைக் கலையில் பெரிய ஆசான், பெயர் ஹான் போங் சூ. பகடிக்கு யாரோ ஒரு கோமாளியைப் பிடித்துப் போடவில்லை, பார்த்தாயா?

அந்தச் சமயத்தில் மின்சாரம் போயிற்று. முக்கால் மணி நேரம் இருட்டு. அரிக்கேன் விளக்கை ஏற்றிவைத்துவிட்டுப் பேசிக்கொண்டிருந்தோம். பபூன்காரரிடம் அவர் அபிப்பிராயத்தைக் கேட்டேன். வெற்றிலையை மடித்து, கன்னத்தில் ஒதுக்கி, நிதானமாகச் சொன்னார்.

"சண்டை போடுகிறவன் சிரிக்கவே இல்லை. அவன் நிஜமாகவே சண்டை போடுகிறான். அதுதான் வித்தை. நான் மேடையில் ஒரு நாளும் என் பேச்சுக்கு நானே சிரித்ததில்லை. ஆனால் ஆரம்பத்தில் அந்தப் பெண்களை வைத்து ஒன்று காட்டினார்களே, அது வேலை தெரியாதவன் செய்தது."

ஏன் என்று கேட்டேன்.

"நாங்கள் பேசாத பேச்சா? ராத்திரி பதினொரு மணிக்கு மேல் நடனக்காரியும் நானும் பேசியதை உன் வீட்டில் சொல்ல முடியுமா? ஆனால் நான் முழுவதும் சொல்ல மாட்டேன். பாதியில் நிறுத்திவிட்டு ஹார்மோனியக்காரரைப் பார்ப்பேன். அவர் ஒரே ஒரு கட்டையை அழுத்துவார். மிச்சத்தைக் கூட்டம் முடித்துக்கொள்ளும். கெட்டது நினைத்தது அவர்கள்தான், நான் இல்லை. இவன் எல்லாவற்றையும் அவிழ்த்துக் காட்டிவிட்டான். அப்புறம் நான் எதற்கு உட்கார்ந்திருக்க வேண்டும்?"

மருந்துக்கடைக்காரர் நிலைப்படியிலிருந்து "அதானே" என்றார், குடையை ஊன்றிக்கொண்டு.

நண்பா, அந்தக் கிழவர் சொன்னதைத்தான் நான்கு நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். பகடியும் அப்படித்தானே? இவன் பாதியைச் சொல்கிறான், மறு பாதி நம் தலைக்குள் ஏற்கெனவே இருக்கிறது. இருந்தால் சிரிப்பு, இல்லாவிட்டால் தம்பி மகன் மாதிரி விழிக்க வேண்டியதுதான். நம் காளமேகம் செய்ததும் இதுதான். நாகப்பட்டினத்துக் காத்தான் சத்திரத்தில் அரிசி வருவதற்கே பொழுது சாய்ந்துவிடும், இலையில் ஒரு அகப்பைச் சோறு விழும்போது விடிவெள்ளி முளைத்துவிடும் என்று பாடி மானத்தை வாங்கினார். சத்திரத்துக்காரர் காலில் விழுந்ததும், அதே பாட்டுக்குப் புகழ்ச்சியாகவும் பொருள் சொல்லிவிட்டுப் போனதாகக் கதை. ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை. கேட்கிறவன் பக்கத்துப் பாதியை மட்டும் மாற்றினார்.

இந்த மூவரும் அந்தப் பாடத்தைக் கற்றுக்கொண்டார்கள் என்றுதான் நினைக்கிறேன். 1980-இல் அவர்கள் எடுத்த 'ஏர்பிளேன்' படத்துக்கு 1957-இல் வந்த 'ஸீரோ ஹவர்' என்ற விமானப் படத்தின் உரிமையையே விலைக்கு வாங்கி, அதன் கதையின்மேல் கேலியை ஏற்றினார்கள். சிரிப்பு நடிகர்களைத் தேடவில்லை. லெஸ்லி நீல்சன், ராபர்ட் ஸ்டாக், பீட்டர் கிரேவ்ஸ் என்று முகத்தை இறுக்கிவைத்துக்கொண்டு நடித்துப் பழகியவர்களைப் பிடித்தார்கள். நம் ஊரில் 2010-இல் 'தமிழ்ப் படம்' வந்தபோது சிவா அந்த முகத்தோடுதான் வந்தார். ஒரே பாட்டில் பணக்காரராகும்போது அவர் முகத்தில் ஒரு சந்தேகமும் இல்லை. விஜய் டிவியில் 'லொள்ளு சபா' ஓடிய காலத்தில் தம்பி மகனுக்குப் பள்ளிக்கூட வயது. அதை அவன் ஒரு வாரம் விட்டதில்லை. அப்போது மட்டும் எல்லாம் புரிந்தது.

மற்றொரு அபிப்பிராயத்தையும் சொல்ல வேண்டும், இல்லையென்றால் நேர்மையாகாது. திருச்சியில் எம்.ஏ. படிக்கும் தம்பி மகள் அண்ணனிடமிருந்து வட்டை வாங்கித் தனியாகப் பார்த்திருக்கிறாள். தொலைபேசியில் சொன்னாள்: "ஆண்கள் இந்தப் படத்தில் முட்டாளாக வருகிறார்கள், பெண்கள் உடம்பாக வருகிறார்கள். முட்டாளாக நடிக்கக்கூட எங்களுக்கு இடம் தரவில்லை, பெரியப்பா." ஆசியர்களின் ஆங்கில உச்சரிப்பைக் கேலி செய்வதும் அவளுக்குப் பிடிக்கவில்லை. நான் எதிர்த்துப் பேசவில்லை. பேச ஒன்றுமில்லை. இறந்த பிள்ளையின் உடலை வீட்டில் வைத்துக்கொண்டு குடும்பமே சாதாரணமாக வாழும் அந்த நிதி திரட்டும் விளம்பரம் மட்டும் அபாரம் என்றாள். எனக்கு அதில் வயிற்றைக் கலக்கியது. வயது அப்படி.

என் மனைவி திங்கட்கிழமை திரும்பி வந்தாள். கூடத்தில் வெற்றிலைக் காம்பையும் அரிக்கேனையும் பார்த்ததுமே ஏதோ நடந்திருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டாள். மறைத்துப் பயனில்லை என்று ஒரே ஒரு துண்டைப் போட்டுக் காட்டினேன். துத்தநாக ஆக்ஸைடு இல்லாவிட்டால் உலகம் என்னவாகும் என்று ஒரு கனத்த குரல் பாடம் நடத்துகிறது. வீட்டுக்காரி கையிலிருந்து ஒவ்வொரு பொருளாக மறைந்துகொண்டே போகிறது. உனக்கு நினைவிருக்கிறதா, அந்தக் காலத்தில் தியேட்டரில் படத்துக்கு முன் அரசாங்கத்து ஃபிலிம்ஸ் டிவிஷன் செய்திப் படம் கட்டாயம் ஓடும். அதே குரல், அதே அக்கறை! உள்ளே போனால் உரம், கொசு, அணைக்கட்டு. வெளியே முறுக்கு வாங்கப் போவோம். மனைவிக்கு ஆங்கிலம் அதிகம் வராது. ஆனால் அந்தக் குரலைக் கேட்டதும் "வெள்ளநிவாரணப் படம் மாதிரி இருக்கிறதே" என்று சொல்லிவிட்டுப் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். உள்ளாடையும் மறைகிற இடத்தில் மட்டும் என்னை ஒரு பார்வை பார்த்தாள். முழுப் படத்தையும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அதனால் உன் சம்பந்தி விஷயத்தில் படத்தின் மேல் மட்டும் பழி போடாதே. அவருக்கு அந்த மறு பாதி கிடையாது. உனக்கோ அவர் பக்கத்தில் இருந்தார். அடுத்த முறை அவரிடம் காத்தான் சத்திரத்துக் கதையைச் சொல்லிப் பார். சிரித்தால் 'ஏர்பிளேன்' வரைக்கும் போகலாம்.

இன்னொரு செய்தி. ஓட்டில் ஒழுகுகிறது என்று பரணில் ஏறியபோது உன் சப்பாத்திக் கட்டை கிடைத்தது. உன் அம்மா கண்ணில் படக்கூடாது என்று என்னிடம் கொடுத்து வைத்தாயே, அதுதான். கட்டைக்கு ஒன்றும் ஆகவில்லை, செயின்தான் துருப்பிடித்துக் கல்லாகிவிட்டது. மண்ணெண்ணெயில் ஊறப்போட்டிருக்கிறேன். ஐப்பசிக் கடைசி நாளில் காவிரியில் முங்க, மாயவரம் கடைமுழுக்குக்கு வருவதாக மூன்று வருடமாகச் சொல்கிறாய். இந்த வருடமும் ரயிலைத் தவறவிட்டால் கவலைப்படாதே, உன் முழங்காலுக்குப் பொருத்தமாக, பிந்தி வருகிறவர்களுக்கென்றே மறுநாள் முடவன் முழுக்கு இருக்கிறது.

அன்புடன்,
உன் பழைய படித்துறைக் கூட்டாளி