பழைய கணினிக்காகப் புதியவற்றின் பூட்டைக் கழற்ற வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றுபோனதிலிருந்து, பழைய கணினிகளை மாற்றிவிடுங்கள் என்ற அறிவுரை எல்லாப் பக்கமிருந்தும் வந்துகொண்டிருக்கிறது. அறிவுரையில் தவறில்லை. ஆனால், ஈரோடு, காங்கேயம் பகுதி ஆலைகளிலும் கிடங்குகளிலும் இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கணினிப் பராமரிப்பு வேலை பார்ப்பவன் என்ற முறையில், மாற்ற முடியாத கணினி ஒன்று பல அலுவலகங்களில் இருப்பதையும், அதை இணைக்கப் போய்ப் புதிய கணினிகளைக் கெடுத்துக்கொள்வதே நான் அடிக்கடி காணும் பிழை என்பதையும் எழுத விரும்புகிறேன்.

காங்கேயத்தில் ஓர் அரிசி ஆலை. எடைமேடை அறையில் விண்டோஸ் எக்ஸ்பி கணினி ஒன்று இருக்கிறது. லாரி ஏறி நின்றதும், எடைகாட்டும் கருவியிலிருந்து சீரியல் கேபிள் வழியே வரும் எண்ணைப் படித்து, டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் சீட்டு அடிக்கும் டாஸ் (விண்டோஸுக்கு முந்தைய இயங்குதளம்) காலத்துப் புரோகிராம் அதில் ஓடுகிறது. எழுதிக் கொடுத்தவர் தொழிலையே விட்டுவிட்டார். அத்தகைய 16 பிட் புரோகிராம்கள் 64 பிட் விண்டோஸில் நேரடியாக ஓடா. விண்டோஸ் 11-க்கோ 32 பிட் பதிப்பே கிடையாது. புதிய கணினியில் டாஸைப் போலவே நடிக்கும் டாஸ்பாக்ஸ் என்ற மென்பொருள் வழியாகவும் முயன்றோம். சீட்டு வந்தது; ஆனால் எடையில் அவ்வப்போது ஓர் இலக்கம் விழுந்துபோனது. அந்தச் சீட்டுக்கு எந்த விவசாயி நெல்லைப் போடுவார்?

சென்ற ஆண்டு அலுவலகத்துக்கு இரண்டு விண்டோஸ் 11 கணினிகள் வாங்கினார்கள். அவற்றிலிருந்து, எடைக் கோப்பு உள்ள எக்ஸ்பியின் பகிர்வு ஃபோல்டர் திறக்கவில்லை. எக்ஸ்பிக்குத் தெரிந்த ஒரே பகிர்வு நெறிமுறை (கணினிகள் கோப்புகளைப் பகிரப் பேசிக்கொள்ளும் முறை) எஸ்எம்பி 1; அதையோ 2017 இறுதியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்தே மைக்ரோசாஃப்ட் இயல்பாக நிறுவுவதில்லை. அழைக்கப்பட்டு வந்த பையன் எல்லாக் கணினிகளிலும் எஸ்எம்பி 1-ஐ இயக்கி, வெளித் தொடர்புகளைத் தடுக்கும் ஃபயர்வாலை அணைத்து, யாரையும் குறிக்கும் ‘எவ்ரிஒன்’ என்ற பெயருக்குப் பகிர்வுகளில் முழு உரிமையும் கொடுத்துவிட்டுப் போனான். பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது என்று எல்லோருக்கும் மகிழ்ச்சி. மூன்று வாரம் கழித்து யாரோ செருகிய பென் டிரைவிலிருந்து, ஃபோல்டர்களையெல்லாம் ஷார்ட்கட்டாகக் காட்டும் வைரஸ் ஒன்று, திறந்து கிடந்த பகிர்வுகளின் வழியே கணக்குப் பிரிவு வரை போயிருந்தது. நான் அழைக்கப்பட்டது அதன் பிறகுதான்.

அந்த ஆலைக்கு வந்தது சில்லறை வைரஸ் என்பது அதன் அதிர்ஷ்டம். 2017 மே 12-இல் உலகையே உலுக்கிய, கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்ட வன்னாக்ரை என்ற வைரஸ் பரவியது இதே எஸ்எம்பி 1-இல் இருந்த ஓட்டை வழியாகத்தான். அதற்கான திருத்தம் மார்ச் மாதமே வெளியாகியிருந்தும் போடாமல் விட்டவர்கள் மாட்டிக்கொண்டார்கள். அதில் பெரும்பான்மை பலரும் நினைப்பதுபோல் எக்ஸ்பி அல்ல, அன்று ஆதரவில் இருந்த விண்டோஸ் 7 கணினிகளே. ஆதரவு 2014-லேயே முடிந்திருந்த எக்ஸ்பிக்கும் அப்போது விதிவிலக்காக ஒரு திருத்தம் கொடுத்தார்கள். எடைமேடைக் கணினியில் அதுகூட இல்லை.

நான் செய்தது பெரிய வித்தை அல்ல. ஓரமாகக் கிடந்த ஒரு கணினியில் லினக்ஸ் நிறுவி, இரண்டாவது நெட்வொர்க் கார்டு ஒன்றைப் போட்டேன். ஒரு கார்டில் எக்ஸ்பி மட்டும், 192.168.50 வரிசை முகவரியில், கேட்வே (வெளி நெட்வொர்க்குக்குப் போகும் வழி) இல்லாமல். மறு கார்டில் அலுவலகம். இரண்டுக்கும் இடையே எதுவும் தாண்டிப் போகாது. எக்ஸ்பி தன் எடைக் கோப்பை அந்தக் கணினியின் சாம்பா (லினக்ஸிலிருந்து விண்டோஸுக்குக் கோப்புகளைப் பகிரும் மென்பொருள்) பகிர்வில் எழுதும். அலுவலகக் கணினிகள் புதிய நெறிமுறையிலேயே அதைப் படிக்கும், படிக்க மட்டுமே முடியும். இப்போதைய சாம்பா பழைய நெறிமுறையை இயல்பாக ஏற்காது என்பதால் அதை அனுமதிக்க வேண்டியிருந்தது. அதன் பிறகும் எக்ஸ்பி கடவுச்சொல்லை ஏற்காமல் ஒரு மணி நேரம் அலைக்கழித்தது. விண்டோஸின் உள் அமைப்புகள் இருக்கும் ரெஜிஸ்ட்ரியில், கடவுச்சொல்லை எந்த முறையில் அனுப்புவது என்று தீர்மானிக்கும் எல்எம் கம்பேட்டிபிலிட்டி லெவல் மதிப்பை 3 ஆக்கிய பிறகே வழிக்கு வந்தது. அலுவலகக் கணினிகளில் எஸ்எம்பி 1-ஐ நீக்கி, ஃபயர்வாலை மீண்டும் போட்டேன். செலவு ஒரு நெட்வொர்க் கார்டு, ஒரு கேபிள், என் ஒரு நாள் கூலி.

இணையத்திலிருந்து துண்டித்ததால் இன்னொரு சிக்கல் வந்தது. ஒரு திங்கட்கிழமை எடைச்சீட்டுகள் 2002 ஜனவரி 1 என்ற தேதியோடு வந்தன. வைரஸ் மறுபடியும் வந்துவிட்டது என்று பதறி அழைத்தார்கள். தீர்ந்துபோயிருந்தது, கணினி அணைந்திருக்கும்போது நேரத்தைக் காக்கும், மதர்போர்டில் உள்ள 2032 பட்டன் பேட்டரி; இணையம் இல்லாததால் தேதி தானாகச் சரியாகவும் வழியில்லை. அதை மாற்றியதோடு, லினக்ஸ் கணினியிடமிருந்தே நேரத்தைக் கேட்டுக்கொள்ளும்படி எக்ஸ்பியை அமைத்துவிட்டேன்.

ஆகவே, சர்வீஸுக்கு ஆள் அழைக்கும் வியாபாரிகள் ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்ள வேண்டும்: பழையது பேசுவதற்காகப் புதியதில் எதை அணைத்தீர்கள், எதை இயக்கினீர்கள் என்று ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். எழுதத் தயங்குபவரிடம் அந்த வேலையைக் கொடுக்காதீர்கள். கூடவே, பழைய கணினியின் ஹார்ட் டிஸ்க்குக்குப் பிரதி இருக்கிறதா என்றும் பாருங்கள். அந்த ஆலையில் இருப்பது 40 ஜிபி ஐடிஇ (பழைய வகை இணைப்பு) டிஸ்க். அதே வகை டிஸ்க் ஒன்றைத் தேடிப் பிடித்துப் பிரதி எடுத்து, அதை மாட்டி ஒரு லாரிக்குச் சீட்டு அடித்துப் பார்த்த பிறகுதான் உறையில் போட்டு முதலாளியின் பீரோவில் வைத்தோம்.

இப்படிக்கு,
கணினிப் பராமரிப்பாளர் ஒருவர்,
ஈரோடு.