கடைமடை ஷட்டர்களை ஐப்பசிக்கு முன் சரிசெய்யுங்கள்

கடைமடை (பாசனத்தின் கடைசிப் பகுதி) வடிகால்களுக்குப் பொறுப்பான அதிகாரிகளுக்கு,

வணக்கம். நாகப்பட்டினம் கடலோரத்தில் சம்பா நெல் போடும் குடும்பங்களின் சார்பில் எழுதுகிறேன். எங்கள் ஊர் ரெகுலேட்டர், அதாவது மழைநீரை வெளியே விட்டு கடல்நீரைத் தடுக்கும் ஷட்டர் வைத்த மதகு, பற்றிய மனுக்கள் உங்களிடமே இருக்கின்றன. அதனால் பழைய கதையை விட்டுவிட்டு, போன கார்த்திகையில் நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

தூர் கட்டி நின்ற பயிரின் மேல் விடாமல் மழை பெய்து வயலும் வாய்க்காலும் ஒன்றாகிவிட்டன. கடல் ஏறியிருக்கும்போது ஷட்டரைத் திறக்க வழியில்லை. திறந்தால் உப்புத்தண்ணீர் உள்ளே வரும். கடல் இறங்கும் சில மணி நேரம்தான் எங்களுக்குக் கிடைக்கும் வடிகால் நேரம். அன்று இரவு அந்த நேரத்தில் ஷட்டர் துருப்பிடித்துப் பாதியில் நின்றுவிட்டது. பல ரெகுலேட்டர்களை ஒருவராகப் பார்க்கும் லஸ்கர் (ஷட்டரை ஏற்றி இறக்கும் ஊழியர்) வேறொரு ஊரில் இருந்தார். அவரைக் குறை சொல்லவில்லை, அவரால் எத்தனை இடத்தில் நிற்க முடியும்? எங்கள் பிள்ளைகள் டார்ச் வெளிச்சத்தில் கடப்பாரை போட்டு நெம்பினார்கள். ஷட்டர் அசைவதற்குள் கடல் திரும்ப ஏறத் தொடங்கிவிட்டது. அடுத்த இரவும் இதே கதை. தண்ணீர் வடிந்தபோது பயிர் அழுகிப்போயிருந்தது. நகையை அடகு வைத்து நட்ட பயிர் அது. அதே ஷட்டர் கோடையில் ஒழுகுகிறது. வாய்க்காலில் ஏறும் தண்ணீரை மாடுகூடக் குடிப்பதில்லை.

கடல் உயர்வதெல்லாம் மில்லிமீட்டர் கணக்குத்தானே என்று குறைதீர் கூட்டத்தில் ஒருவர் கேட்டார். ஆமாம், மில்லிமீட்டர்தான். 1901 முதல் 1971 வரை உலகக் கடல்மட்டம் ஆண்டுக்குச் சராசரியாக 1.3 மி.மீ. உயர்ந்தது. 2006 முதல் 2018 வரை அது 3.7 மி.மீ. ஆகிவிட்டது. சூடாகும் கடல்நீர் விரிகிறது. மலைப்பனியும், கிரீன்லாந்து, அண்டார்டிகா பனியும் உருகிச் சேர்கின்றன. 1901க்கும் 2018க்கும் இடையில் மொத்தம் 20 செ.மீ., ஏறக்குறைய ஒரு சாண். நம் கரையில் கடலின் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் உள்ள வித்தியாசமே ஒரு மீட்டருக்குள்தான். அதில் ஒரு சாண் போனால் வடிகிற நேரம் எவ்வளவு மிஞ்சும்? எங்கள் வடிகால்கள் ஓடுவது நிலத்தின் சரிவை நம்பி மட்டுமே.

நிலத்தின் பக்கமும் பாருங்கள். 1934ல் மேட்டூர் அணை வந்தது முதல் வண்டலின் பெரும்பகுதி அணைகளிலேயே தங்கிவிடுகிறது. புது வண்டல் சேராத டெல்டா மெல்லத் தாழும். நிலத்தடி நீரை உறிஞ்சுவது அதை இன்னும் வேகப்படுத்தும், கடலோரக் கிணறுகளில் உப்பையும் ஏற்றும். இத்தனைக்கும் நடுவில் பழைய கடல்மட்டத்தை நம்பிக் கட்டிய ஷட்டர்களை வைத்துக்கொண்டு நாங்கள் என்ன செய்ய முடியும்?

2020ல் காவிரி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவித்துச் சட்டம் கொண்டுவந்தார்கள். மனதார வரவேற்றோம். ஆனால் அந்த மண்டலத்தின் கடைசி வயலில் நிற்பவனுக்கு ஒரு ஷட்டரைத் தூக்க ஆள் இல்லை. கரையில் கல் கொட்டினால் எல்லோர் கண்ணிலும் படுகிறது, வடிகால் வாய் யார் கண்ணிலும் படுவதில்லை. உப்பைத் தாங்கும் ரகம் போடச் சொல்கிறீர்கள். சரி, போடுகிறோம். நாள் கணக்கில் தண்ணீருக்குள் மூழ்கிக் கிடந்தால் அந்த ரகம் மட்டும் பிழைக்குமா?

கோபத்தில் கொஞ்சம் கூடுதலாகப் பேசியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது இதுதான்: ஐப்பசி பிறக்கும் முன் ஷட்டர்களைப் பழுது பாருங்கள். மழைக்காலம் முடியும்வரை ஒவ்வொரு ரெகுலேட்டருக்கும் இரவிலும் இருக்கும்படி ஒரு லஸ்கரைப் போடுங்கள். இனிப் புதிதாகக் கட்டும் ரெகுலேட்டர்களின் உயரத்தை, உயர்ந்துவரும் கடலைக் கணக்கில் வைத்து முடிவு செய்யுங்கள். எப்போது வேலை தொடங்கும் என்று ஒரு தேதி சொன்னால், நாற்றங்கால் விடுவதா வேண்டாமா என்று நாங்களும் முடிவெடுப்போம். தயவுசெய்து பதில் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஒரு கடைமடை விவசாயி