திடலை நாடா வைத்து அளந்துவிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

மாணவர்களின் ஓட்டத் தாங்குதிறனை 12 நிமிட ஓட்டத்தால் கணிக்கும் பயிற்றுநர்கள் தோட்டத் திடலைக் காலடியால் அளப்பது வருத்தமளிக்கிறது. 300 மீட்டர் என்று நம்பிய சுற்று உண்மையில் 290 என்றால், எட்டுச் சுற்றில் 80 மீட்டர் பொய்க்கணக்கு. 12 நிமிடத்தில் ஓடிய தூரத்திலிருந்து, உடல் பயன்படுத்தக்கூடிய உச்ச ஆக்சிஜன் அளவைக் கணிக்கும் கூப்பர் சூத்திரப்படி (மீட்டரில் தூரத்திலிருந்து 504.9 கழித்து 44.73ஆல் வகுப்பது) 40.6 வரவேண்டிய பிள்ளைக்கு 42.4 வந்துவிடும்.

அந்தச் சூத்திரமே 1968இல் அமெரிக்க விமானப்படை ஆண்களை வைத்து உருவானது. 13 வயதுப் பிள்ளைக்கு அந்த எண்ணை அப்படியே நம்பாதீர்கள். ஓடிய தூரத்தை மட்டும் குறித்து, அதே திடலில், அதே காலை வேளையில் மீண்டும் ஓடவிட்டு ஒப்பிடுங்கள். முதல் சுற்றிலேயே பாய்ந்தோடி நான்காவதில் நடக்கும் பிள்ளையின் கணக்கு செல்லாது. சீராக ஓடப் பழக்கிய பிறகே சோதியுங்கள்.

வயதையும் கணக்கில் சேர்க்கும் 20 மீட்டர் பீப் சோதனை (வேகமாகிக்கொண்டே போகும் ‘பீப்’ ஒலிக்கு ஏற்ப 20 மீட்டர் தூரத்தைத் திரும்பித் திரும்பி ஓடுவது) இன்னும் பொருத்தம். ஆனால் மழை ஈரப் புல்லில் வேண்டாம். திரும்பும்போது கால் வழுக்கும்.

ஓட்டப் பயிற்றுநர்கள்,
சுங்கை சிப்புட், பேராக்