தலைமையாசிரியர் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

காலையில் பசியாறிவிட்டுத்தான் பள்ளிக்குப் போகிறாயா? சித்தி சனிக்கிழமை பட்டர்வொர்த்தில் ரயில் ஏறி கோலாலம்பூர் வருகிறாள். அவளிடம் ஜாதிக்காய் ஊறுகாய் இரண்டு போத்தலும் இந்தக் கடிதமும் கொடுத்து அனுப்புகிறேன். வாட்ஸ்அப்பில் எழுதியிருக்கலாம்தான். ஆனால் மூன்று வாரமாக நான் எதை அனுப்பினாலும் நீ கட்டைவிரல் படம் ஒன்றைப் போட்டுவிட்டுப் போய்விடுகிறாய்.

அப்பாவுக்குச் சர்க்கரை குறைந்திருக்கிறது. முன்வாசல் ஜம்பு மரத்தை வெட்டியாச்சு. மற்றதெல்லாம் அப்புறம் சொல்கிறேன்.

ஆசிரியர் தினப் படத்தை உங்கள் பள்ளி முகநூலில் பார்த்தேன். அப்பாதான் பெரிதாக்கிக் காட்டினார். அந்த நீல பாத்தேக் சட்டை உனக்கு நல்ல எடுப்பு. ஆசிரியர்கள் இரண்டு வரிசையாக நிற்கிறார்கள், நீ நடுவில் நிற்கிறாய். உன் இடப்பக்கம் ஒரு முழம் இடம், வலப்பக்கம் ஒரு முழம் இடம். மற்றவர்கள் எல்லாரும் தோளோடு தோள் ஒட்டி நிற்கிறார்கள். முப்பத்திரண்டு வருஷம் பள்ளியில் இருந்தவள் நான். பள்ளிப் படம் எனக்குப் பார்க்கத் தெரியும். அன்று சமைக்கும்போதும் படுக்கும்போதும் அந்த இடைவெளிதான் கண்ணில் நின்றது. யாரும் என்னிடம் எதுவும் சொல்லவில்லை. சித்தியைக் கேட்டுத் துளைக்காதே.

நீ போய் ஐந்து மாதம்தான் ஆகிறது. புதுத் தலைமையாசிரியரிடம் யாரும் உடனே வந்து ஒட்டிக்கொள்ள மாட்டார்கள், சரி. ஆனால் நீதானே முதலில் போக வேண்டும்? காலையில் வாசலில் நில். ஏழு மணிக்குக் காரும் மோட்டாரும் வந்து பிள்ளைகளை இறக்கிவிடும்போது அங்கே நின்று, பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடு. பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் வாயே திறக்காத ஒரு தாய், மோட்டாரை அணைக்காமலேயே உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவாள். அலுவலகத்தில் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தாலும் அந்த வார்த்தை உன்னைத் தேடி வராது.

ராத்திரி பதினொரு மணிக்கு ஆசிரியர் குழுவில் உத்தரவு போடுகிற பழக்கம் இருந்தால் விட்டுவிடு. இருந்தால் என்றுதான் சொல்கிறேன். வகுப்பைப் பார்வையிடப் போனால், அன்றைக்கே அந்த ஆசிரியரை உட்கார வைத்துப் பேசு. குறையை அவர் அறிக்கையில் படித்துத் தெரிந்துகொள்ளக் கூடாது, உன் வாயால் கேட்க வேண்டும். காசு விஷயத்தில் இன்னும் கவனம். மண்டபக் கூரைக்குப் பணம் திரட்டிய வருஷம் ஒவ்வொரு ரசீதையும் அலுவலகத்துக்கு வெளியே பலகையில் ஒட்டினேன், நாலு ரிங்கிட்டுக்கு வாங்கிய ஆணி ரசீது வரைக்கும். நின்று படித்தவர்கள் குறைவு. பணம் எங்கே போச்சு என்று கேட்டவர்கள் ஒருவரும் இல்லை.

உனக்கு இதெல்லாம் தெரியாது என்று நான் சொல்லவில்லை. 2016-இல் தமிழ்க் கல்விக்கு 200 ஆண்டு ஆனதைக் கொண்டாடியபோது நீ பேசியது இன்னும் என் காதில் இருக்கிறது. 1816-இல் இங்கே பினாங்கு ஃபிரீ ஸ்கூலில் தொடங்கிய தமிழ் வகுப்பைச் சொல்லி ஆரம்பித்தாய். இன்று நாடு முழுக்க 500-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் நிற்கின்றன என்றால், கையெழுத்துப் போடத் தெரியாத தோட்டத்து ஜனங்கள் ஆசிரியரை நம்பிப் பிள்ளையை அனுப்பியதால்தான் என்றாய். எனக்குப் பின்னால் இருந்த அம்மா, 'யார் வீட்டுப் பிள்ளை?' என்று கேட்டார். என் பிள்ளை என்று எழுந்து நின்றே சொன்னேன்.

அப்படிப் பேசின பிள்ளை இந்தத் தைப்பூசத்துக்கு வீட்டுக்கு வரவில்லை. வெள்ளி இரதம் வந்தபோது உன் பங்குத் தேங்காயையும் அப்பாதான் உடைத்தார். வேலை என்றாய். சரி.

எங்கள் காலத்தில் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு யூபிஎஸ்ஆர் என்ற அரசாங்கத் தேர்வு இருந்தது. ஏழு பாடத்திலும் 'ஏ' வாங்கியவர்கள் எத்தனை பேர் என்று பதாகை கட்டினால் போதும், பெற்றோர் வாயடைத்துப் போவார்கள். பள்ளிக்குள் நாங்கள் எப்படி இருக்கிறோம் என்று எவரும் எட்டிப் பார்க்கவில்லை. 2021-இல் அந்தத் தேர்வை எடுத்துவிட்டார்கள். இப்போது உன்னிடம் பதாகை இல்லை. பிள்ளையை முதலாம் ஆண்டில் எங்கே சேர்ப்பது என்று யோசிக்கிற தகப்பன் உன் முகத்தையும் உன் ஆசிரியர்களின் முகத்தையும்தான் பார்ப்பான். அதனால்தான் அந்தப் படம் என்னை இப்படிப் போட்டு வாட்டுகிறது.

தலைமைத்துவப் பயிற்சிக்குப் படித்துக்கொண்டிருந்தபோது சமையல்கட்டு மேசையில் உட்கார்ந்து எனக்கு ஒன்று விளக்கினாய், ஞாபகம் இருக்கிறதா? பிரைக், ஷ்னைடர் என்று இரண்டு பேர். 1990-களில் சிகாகோ நகரத்துத் தொடக்கப்பள்ளிகளைப் பார்த்தவர்கள். ஒருவரை ஒருவர் நம்புகிற பள்ளிகளில் இரண்டில் ஒன்று வாசிப்பிலும் கணக்கிலும் முன்னேறியது, நம்பிக்கை நலிந்த பள்ளிகளில் ஏழில் ஒன்றுதான் என்றாய். அந்த நம்பிக்கை எதனால் ஆனது என்று விரல் மடக்கினாய்: மரியாதை, வேலையில் திறமை, ஒருவர் மேல் ஒருவருக்கு அக்கறை, சொன்ன சொல்லைக் காப்பது. நாலாவது விரலை மடக்கும்போது நான் மாவு பிசைவதை நிறுத்திவிட்டேன். நீ கவனிக்கவில்லை.

சின்னப் பிள்ளையாக இருந்தபோது, உன் மூன்றாம் ஆண்டு டீச்சர் ஏன் போனார் என்று அழுதுகொண்டே கேட்டாய். அவர் கணவருக்கு ஈப்போவில் வேலை கிடைத்துவிட்டது என்றேன். அது பொய், தம்பி. கணவர் பிறை நகரில் அதே ஆலையில்தான் இருந்தார்.

அது 1995. நான் தலைமையாசிரியை ஆன முதல் வருஷம். ஒருநாள் பள்ளி முடிந்து நல்ல மழை. அந்த டீச்சர் என் அறைக்கு வந்து கதவைச் சாத்திவிட்டு, வயிற்றில் கை வைத்துச் சொன்னார். ஏற்கெனவே இரண்டு கலைந்திருந்தன. நாலாம் மாதம் வரை யாருக்கும் தெரிய வேண்டாம், திடல்தட ஓட்டப் பயிற்சிக்கு மட்டும் என்னைப் போட வேண்டாம் என்றார். சரி என்று கையைப் பிடித்துச் சொன்னேன்.

மறுவாரம் ஆசிரியர் கூட்டம். அவருக்கு மட்டும் ஏன் சலுகை என்று ஒருவர் கேட்டார். நான் பாரபட்சம் பார்ப்பவள் இல்லை என்று காட்டிக்கொள்ள எனக்கு அப்படி ஓர் அவசரம். பதினெட்டுப் பேர் முன்னால் சொல்லிவிட்டேன். டீச்சர் அப்போது நோட்டில் அடிக்கோல் வைத்துச் சிவப்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தார். நிமிர்ந்தே பார்க்கவில்லை. கோடு மட்டும் நோட்டைத் தாண்டி மேசை மேல் ஓடியது.

பிள்ளை நல்லபடியாகப் பிறந்தது. அதை வேறு யாரோ சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. வருஷக் கடைசியில் அவர் மாற்றல் வாங்கிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு மூன்று வருஷம், என் அறைக்கு வந்த எந்த ஆசிரியரும் கதவைச் சாத்தவில்லை. திறந்தே வைத்துவிட்டு, நின்றுகொண்டே பேசிவிட்டுப் போனார்கள். அந்த வாசல் நிலையில் அவர்கள் நின்ற விதம்தான் உன் படத்தில் தெரிந்தது.

நான் மன்னிப்புக் கேட்கவில்லை. தலைமையாசிரியை எப்படிக் கேட்பது என்று நாளைக் கடத்தினேன், வருஷங்கள் போய்விட்டன. ஒருமுறை கோவிலில் அவரைப் பார்த்தேன். தூணுக்கு அந்தப் பக்கம் நகர்ந்துவிட்டேன். போன மாதம் நம் பள்ளி அலுவலகத்தின் பழைய கிராணியிடம் அவருடைய நம்பரை வாங்கி வைத்திருக்கிறேன். கூப்பிடத்தான் போகிறேன். அதற்கு முன்னால் நீ என் வாயால் தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றியது, உன்னிடமும்தானே பொய் சொன்னேன்.

சித்தி வந்ததும் ஒரு போன் போடு. பள்ளியைப் பற்றி நான் கேட்க மாட்டேன். நீயாகச் சொன்னால் கேட்டுக்கொள்கிறேன், எத்தனை மணி ஆனாலும். போத்தலில் ஒன்று உனக்கு. இன்னொன்றைத் திங்கட்கிழமை சபைக்கூடல் முடிந்ததும் நீயே ஆசிரியர் அறைக்குக் கொண்டுபோய் வை. ஆள் விட்டு அனுப்பாதே. மூடி இறுக்கமாக இருக்கும், துணி வைத்துத் திற.

அம்மா